மூன்றாவது பொட்டலம்

அத்தியாயம் 14

போன வாரம் வெள்ளைப்பூ வந்ததைப் படித்துவிட்டு, "அப்பாடா, இனி முத்துக்கருப்பனுக்கு ஒன்றும் ஆகாது" என்று நிம்மதியாகத் தூங்கியதாகச் சிலர் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தூங்கினீர்கள். ஜெயமங்கலத்தில் அந்த வீட்டில் இரண்டு பேர் தூங்கவில்லை.

விட்ட இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மடை திறக்கப் போன முத்துக்கருப்பன், மண்வெட்டியைத் தன் பாதத்திலேயே போட்டுக்கொண்டு பதின்மூன்று நாள் ஆகிறது. சர்க்கரை வியாதிக்காரர். மஞ்சளை அப்பி, துணியைச் சுற்றிக்கொண்டு, "இதெல்லாம் ஒரு காயமா" என்று வயக்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். பாதம் கறுத்தது. தேனி டாக்டர் வைகுண்டராஜ் பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் என்றார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் வந்தால் செய்கிறேன், கறுப்பு முழங்காலைத் தொட்டுவிட்டால் கத்தியைத் தொடமாட்டேன் என்றும் சொன்னார்.

முத்துக்கருப்பன் மசியவில்லை. அழுது, சண்டை போட்டு, சொந்தபந்தம் எல்லாம் கெஞ்சியபிறகு ஒரு நிபந்தனை போட்டார். ஊர்க் காளி வெள்ளைப்பூ கொடுக்கவேண்டும். சென்னையில் ஆனர்ஸ் படிக்கிற மகன் கர்ணன், பிழைக்க எத்தனை வாய்ப்பு என்று கணக்குப் போட்டுச் சொல்லவேண்டும். இரண்டும் ஒன்றாகச் சொன்னால் வண்டி ஏறுகிறேன் என்றார்.

அவர் மனைவி பஞ்சம்மாள் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தாள். இலையில் மடித்துப் போட்ட இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுப்பது; வெள்ளை என்றால் சாமி சம்மதம், சிவப்பு என்றால் கூடாது. வெள்ளை வந்தது. கர்ணன் தேனி ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்து, "நூத்துக்கு எழுபது" என்றான். இன்று வெள்ளிக்கிழமை.

விடிந்தும் விடியாமலும் வண்டி கட்டியாகிவிட்டது. ஆனி மாதக் காற்று தெருப் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கர்ணன் வண்டியின் கடையாணியை மூன்றாவது தடவையாகக் குனிந்து பார்த்தான். பிறகு வைக்கோலைத் தட்டிப் பரப்பினான். பிறகு மறுபடியும் கடையாணி.

"அண்ணே, ஆணி ஓடிப் போயிராது. சும்மா நில்லுங்க" என்றான் வண்டிக்காரன் சுருளியாண்டி.

சும்மா நிற்கத் தெரிந்தால்தானே! காலேஜ் திறந்து பதினோரு நாள் ஆகிறது. யுத்தத்துக்காகப் போடி லைன் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் மதுரையிலிருந்து, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற கரிக்கேஸ் பஸ்ஸில் இருமிக்கொண்டு வந்து சேர்ந்தவன், வந்த நாளிலிருந்து ஒரு இடத்தில் பத்து நிமிஷம் உட்காரவில்லை. கையில் எப்போதும் அந்தக் கட்டம் போட்ட காலேஜ் நோட்டு. சட்டைப் பையில் ஒரு பென்சில்.

முத்துக்கருப்பனை நான்கு பேர் தூக்கி வைக்கோலில் படுக்கவைத்தார்கள். காலில் சுற்றிய துணியிலிருந்து வந்த நாற்றத்துக்கு, தூக்கியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் மட்டும் குஷியாக இருந்தார்.

"ஏலே சுருளியாண்டி, மெதுவா ஓட்டு. ரெண்டு காலோட போற கடைசி சவாரி. கர்ணா, ஒரு எட்டு கோயிலுக்குப் போயி பூசாரிகிட்ட திருநீறு வாங்கிட்டு வந்துரு."

"அதெல்லாம் எதுக்கு? நேத்து வாங்குனது என்கிட்ட இருக்கு" என்றாள் பஞ்சம்மாள், கொஞ்சம் அவசரமாக.

"இருந்தா இருக்கட்டும். பூக் குடுத்தவகிட்டச் சொல்லிட்டுப் போக வேணாமா? நீ போலே."

கர்ணன் ஓடினான். நடப்பதைவிட ஓடுவது அவனுக்குச் சுகமாக இருந்தது.

பூசாரி ஒச்சாண்டி கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். திருநீற்றை மடித்துக் கொடுத்தவர், விஷயத்தைத் தானாகவே சொன்னார். ஒளிக்க வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"பாவம்யா உங்க ஆத்தா. மூணாவது பொட்டலத்துல வெள்ளையப் பாத்ததும் இங்கனயே உக்காந்து அழுதுட்டாக."

"மூணாவதா?"

"ஆமா. மொதப் பொட்டலம் பிரிச்சா செவப்பு. பிரிக்கையில காத்துல வெளக்கு அணைஞ்சு போச்சு, அது செல்லாதுன்னாக. நாயந்தானே? மறுபடி ரெண்டு அரளியையும் எலையில கட்டிப் போட்டேன். செவப்பு. அப்பத்தான் ஞாபகம் வந்து, கெழக்குத் தெரு சாவுக்குப் போயிட்டு தலைக்கு ஊத்தாம வந்துட்டேன்னாக. ஓடிப்போயி ஊத்திட்டு ஈரச்சேலையோட வந்தாக. மூணாவதுலதான் காளியாத்தா மனசு எறங்குனா."

கர்ணனின் மண்டைக்குள் கணக்கு தானாக ஓடியது. மூன்று தடவை எடுத்தால் ஒரு வெள்ளையாவது வர, எட்டுக்கு ஏழு. அதுவும் மூன்றோடு நிறுத்தினால்தான். வருகிறவரை எடுப்பதென்றால் அதில் கணக்கே கிடையாது, வந்தே தீரும்.

பூவை அவன் என்றைக்கும் நம்பியவன் இல்லை. நம்பாத பூ ஏமாற்றிவிட்டதென்று அவனுக்கு எதற்கு இத்தனை கோபம் என்று என்னைக் கேட்காதீர்கள். திரும்பி வரும்போது வழியில் கிடந்த தேங்காய் மட்டையை ஓங்கி ஒரு உதை விட்டான்.

தேனிக்கு மூன்று மணி நேரப் பாதை. ஒரு மணி நேரம் கர்ணன் வண்டியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். முத்துக்கருப்பன் பேசிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வடக்கு வயலைக் குத்தகைக்கு விடவேண்டும் என்றார். பிறகு காய்ச்சல் அசத்த, வாய் திறந்தபடி தூங்கிப்போனார்.

ஒரு மேட்டில் மாடுகள் திணறின. பாரம் குறைக்க பஞ்சம்மாளும் இறங்கிக்கொண்டாள். ஆத்தாளும் மகனும் வண்டிக்குப் பின்னால் பத்துப் பதினைந்தடி விட்டு நடந்தார்கள்.

"மூணு தடவை எடுத்தியாமே?"

அவள் நடையை நிறுத்தவில்லை. "பூசாரி சொன்னாகளா?"

"அய்யாகிட்ட ஒரு தடவைன்னுதானே சொன்ன?"

"வெள்ளை வந்துச்சுன்னு சொன்னேன். வெள்ளைதானே வந்துச்சு?"

"அப்படிக் கேட்டா அது கேக்குறதே இல்ல ஆத்தா! எத்தனை தடவைன்னு மொதல்லயே முடிவு பண்ணிட்டுத்தான் எடுக்கணும். வேணுங்கிறது வர்ற வரைக்கும் எடுத்தா, வராம எங்க போகும்?"

"இதெல்லாம் காலேஜுல சொல்லிக் குடுக்கிறாகளா?"

"மொத வருசமே சொல்லிக் குடுக்கிறாக."

உண்மைதான். குடத்தில் கறுப்புப் பந்து, வெள்ளைப் பந்து என்று ஆரம்பித்து, பிராபபிலிட்டியும் ஸ்டாடிஸ்டிக்ஸும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. போன மார்ச் பரீட்சையில் ஒரு கேள்வி: 'வசதிப்படாத எண்களை விலக்கிவிடுவதால் ஆராய்ச்சியில் நேரும் பிழைகளை விவரிக்க.' நம்ம ஆள் நாலு பக்கம் எழுதினான். வகுப்பிலேயே அவனுக்குத்தான் அதிக மார்க்.

பஞ்சம்மாள் முந்தானையால் முகத்துப் புழுதியைத் துடைத்தாள். "சரிய்யா. நான் படிக்காதவ, தப்பாக் கேட்டுட்டேன். நீ ஒண்ணு சொல்லு. புதன்கெழம சாயங்காலம் நீ நோட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேல்ல, பென்சிலால கோடு போட்டு அடிச்சுக்கிட்டே இருந்த. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனா பெத்தவளுக்கு மூஞ்சி தெரியும்ல. ஒவ்வொரு கோடு போடப் போட உன் மூஞ்சி தெளிஞ்சுக்கிட்டே வந்துச்சு. என்னத்த அடிச்ச?"

கர்ணனுக்குச் சுருக்கென்றது. நாலு எட்டு வேகமாக வைத்தான்.

"சொல்லுய்யா."

"அது... வேற. அதுக்குக் காரணம் இருக்கு."

"எனக்கும் இருந்துச்சே. வெளக்கு அணைஞ்சுச்சு. தலைக்கு ஊத்தல."

அவன் நோட்டைப் பிரித்தான். காற்று தாளைப் பிடுங்கியது, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். நர்ஸ் சுகிர்தம் பதிவேட்டைக் கொடுத்து, அவன் வரிக்கு வரி பார்த்து எழுதியது. காலை எடுத்துக்கொண்ட இருபது பேர். பெயர், ஊர், வயது, காயம் பட்டு எத்தனாம் நாள் வந்தார், பிழைத்தாரா இல்லையா. அதில் பத்து வரிகள் அடிக்கப்பட்டிருந்தன.

"மூணு பேரு அறுபது வயசுக்கு மேல. அய்யாவுக்கு அம்பத்தாறுதானே, அதனால அவுகள எடுத்துட்டேன். ஒருத்தருக்கு நெஞ்சு வலி இருந்துச்சு. ரெண்டு பேருக்கு வரும்போதே சன்னி கண்டிருச்சு. நாலு பேரு காயம் பட்டு பத்து நாளைக்கு மேல ஆகி, ரொம்பத் தாமதமா வந்தவுக."

"அடிச்ச பத்துல எத்தனை பேரு செத்தவுக?"

"ஒம்போது."

"உங்க அய்யாவுக்குக் காயம் பட்டு எத்தனை நாளாச்சு?"

"கறுத்து நாலு நாள்தான் ஆகுது."

"கறுத்ததைக் கேக்கலய்யா. அந்த நாலு பேருக்குக் காயத்துல இருந்து எண்ணுனேல்ல. அய்யாவுக்கும் காயத்துல இருந்து எண்ணு."

பதின்மூன்று நாள். கர்ணனுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்ததை அவன் தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். தாமதமாக வந்தவர்களை அடித்தபோது, அவன் அப்பாவையும் சேர்த்து அடித்திருக்கிறான். எழுபது என்பது வேறு யாருக்கோ போட்ட கணக்கு. அதில் முத்துக்கருப்பன் இல்லவே இல்லை.

நடுரோட்டில் நின்றுவிட்டான். வண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"அடிக்காம எண்ணுனா எத்தனை?" என்றாள் பஞ்சம்மாள்.

"இருபதுல எட்டு. நூத்துக்கு நாப்பது." நோட்டை மூடினான். "அய்யாவுக்கு அதுவும் இருக்குமான்னு தெரியல. தாமதமா வந்த நாலு பேரும் பிழைக்கல. நாலு பேரை வச்சு ஒண்ணும் சொல்லவும் முடியாது."

"வெட்டலைன்னா?"

"ஒண்ணுமே இல்ல. பத்து நாள் தாங்கினாப் பெருசுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்ப நாப்பது பெருசுதானேய்யா. அதையே சொல்லியிருக்கலாம்ல?"

"நாப்பதுன்னா அய்யா வண்டி ஏறியிருப்பாகளா?"

"செவப்புன்னா ஏறியிருப்பாகளா?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அவனுக்கு வெட்கம். வண்டியைப் பிடிக்க வேகமாக நடந்தார்கள். வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சொல்லிராத. அந்த மனுசன் ஆபரேசன் ரூம் கதவுக்கு அந்தப் பக்கம் போற வரைக்கும் வாயத் தொறக்காத. திரும்பிப் போயிருவாக."

கர்ணன் தலையாட்டினான்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது மணி ஒன்பது இருபது. பன்னிரண்டு கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் துணியைப் பிரித்து, தொடையிலிருந்து கீழாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். முழங்காலுக்கு நாலு விரற்கடை கீழே நிறுத்தினார்.

"இன்னும் தாண்டல. உடனே பண்ணணும். சிஸ்டர், தண்ணி கொதிச்சாச்சா?"

"ஆச்சு டாக்டர். கைநாட்டு மட்டும் பாக்கி" என்று சொல்லி, நர்ஸ் சுகிர்தம் ஒரு தாளும் மைப்பெட்டியும் கொண்டுவந்தாள். தாளை உரக்கப் படித்தாள். இந்தச் சிகிச்சையில் உயிருக்கு ஆபத்து உண்டென்று எனக்கு விளங்கச் சொல்லப்பட்டது, என் முழுச் சம்மதத்தோடு இதற்கு உடன்படுகிறேன் என்று அதில் இருந்தது.

முத்துக்கருப்பன் கட்டைவிரலை மையில் ஒற்றினார். தாளுக்கு மேலே விரலைப் பிடித்துக்கொண்டு மகனைப் பார்த்தார். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது.

"ஏலே, எழுபதுதானே?"

தலையை ஆட்டினால் போதும். வாய் திறக்கக்கூட வேண்டாம். பஞ்சம்மாள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று, ஆட்டு ஆட்டு என்று கண்ணாலேயே கெஞ்சினாள். கர்ணன் ஆட்டத்தான் நினைத்தான். ஆனால் அப்பா கேட்ட விதம் இருக்கிறதே, படித்தவனிடம் கேட்கிறோம், சரியாகத்தான் சொல்லுவான் என்கிற அந்த விதம், அதை அவனால் தாங்கமுடியவில்லை.

"இல்லைய்யா."

"கர்ணா!" என்றாள் பஞ்சம்மாள்.

"நாப்பதுதான். இருபது பேர்ல பத்துப் பேரை அடிச்சுட்டு எழுபதுன்னு சொன்னேன். நீங்க வரணும்னு சொன்னேன். காயம் பட்டு பத்து நாளைக்கு மேல ஆனவுக நாலு பேரு இருந்தாக. நாலு பேரும் போயிட்டாக. அவுகளையும் அடிச்சுட்டேன்."

முத்துக்கருப்பன் விரல் அந்தரத்திலேயே நின்றது. மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "பூவு?"

அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். "ரெண்டு தடவை செவப்புங்க. மூணாவதுதான் வெள்ளை."

"மூணாவதும் செவப்பு வந்திருந்தா?"

"நாலாவது கேட்டிருப்பேன்."

"அதுவும் செவப்புன்னா?"

"அஞ்சாவது."

"எறக்குங்கடா என்னைய!" என்று கத்தினார் முத்துக்கருப்பன். "சுருளியாண்டி! கட்டுடா வண்டிய! பெத்தவனும் இல்ல, கட்டுனவளும் இல்ல, ரெண்டு பேரும் கூட்டுச் சேந்து..." பெத்தவனாம். கோபத்தில் யார் யாரென்றே அவருக்குக் குழம்பிவிட்டது. முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்து, வலி தாங்காமல் மறுபடி விழுந்தார்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "நான் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனா இன்னைக்குத் திரும்பிப் போனா, மறுபடி என்கிட்ட வரவேண்டாம்."

முத்துக்கருப்பன் கூரையைப் பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மை விரலிலேயே காய்ந்துகொண்டிருந்தது.

"அந்த நாலு பேரு" என்றார். "பேரு வச்சிருக்கியா?"

கர்ணன் நோட்டைத் திறந்தான். "பலவேசம், தேனி. கருத்தம்மாள், வருசநாடு. சண்முகராஜ், போடி. கருத்தக்கண்ணன், பொட்டிப்புரம்."

"பொட்டிப்புரம் கருத்தக்கண்ணனா? சந்தைக்கு மாடு புடிச்சுக்கிட்டு வருவாரே, காதுல கடுக்கன் போட்டுக்கிட்டு? அவரா?"

"வயசு அம்பத்திரெண்டுன்னு போட்டிருக்குய்யா."

"அவருதாம்லே. என் மயிலைக் காளை அவருகிட்ட வாங்குனதுதான். ஏமாத்தாத மனுசன். அவரையா அடிச்ச?"

கர்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அழாமலிருக்க நோட்டைப் பார்த்தான், எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

"கோட்டை அழி" என்றார் முத்துக்கருப்பன். "எல்லாக் கோட்டையும் அழி. அழிச்சுட்டு, அவுகளுக்குக் கீழ என் பேரை எழுது. ஊரு போடு. வயசு போடு. பதிமூணு நாளுன்னும் போடு. கொறச்சுப் போட்டேன்னா பாத்துக்க."

பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் இன்னும் வாயைப் பொத்திக்கொண்டுதான் நின்றாள்.

"அஞ்சாவது கேட்டிருப்பாளாம்" என்று நர்ஸிடம் சொன்னார். "போன வருசம் மானத்து மழையை நம்பிச் சோளம் போட்டேன். அதுக்கு நாப்பதுகூட இல்ல. போட்டமா இல்லையா? கொண்டாம்மா மையை. இது காஞ்சு போச்சு."

சுகிர்தம் மைப்பெட்டியை நீட்டினாள். அவர் விரலை ஒற்றி, தாளில் அழுத்தமாக வைத்து எடுத்தார். கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். மயக்க மருந்தின் வாசனை ஒரு தடவை வெளியே வந்தது. கதவு சாத்திக்கொண்டது.

வராந்தா பெஞ்சில் கர்ணன் உட்கார்ந்து அழிக்க ஆரம்பித்தான். பத்துக் கோடு. ரப்பர் தேய்ந்த இடத்தில் தாள் அழுக்காகி, பேனாவால் எழுதிய பெயர்கள் மட்டும் மங்காமல் நின்றன. இருபதுக்குக் கீழே இருபத்தொன்று என்று எழுதினான். எழுதி முடித்ததும் எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

"என்ன எழுதியிருக்க? படி" என்றாள் பஞ்சம்மாள்.

"முத்துக்கருப்பன், ஜெயமங்கலம். வயசு அம்பத்தாறு. பதிமூணாம் நாள்."

"அதுக்கு அங்கிட்டு?"

"பிழைச்சாகளான்னு எழுதுற கட்டம். அது காலி, ஆத்தா."

அவள் அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் கையிலிருந்த பென்சிலையும் ரப்பரையும் வாங்கி, தன் முந்தானையில் வைத்து இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"கதவு தொறக்கிற வரைக்கும் ரெண்டும் என்கிட்ட இருக்கட்டும்" என்றாள்.